மோட்டார் வண்டிக்குள் மழைநீர்

மழை மிகுந்த நாட்டிலே வாழ்வோருக்கு ஒழுகும் கூரை புதுமையன்று. தகரத்தில் துளை ஓரிடத்தில் இருக்கும். நீரோ அதற்கு நேர்கீழே விழாது, கைமரத்தின் வழியே ஓடிச் சுவரோரத்தில் வந்து சொட்டும். லயக் காம்பராக்களில் வாழ்ந்து பழகியவர்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சட்டியை வைக்கும் இடம் வேறு, தகரத்தை மாற்றும் இடம் வேறு என்பதை அவர்கள் நன்கறிவர். ஆயினும் அதே மனிதர் தமது மோட்டார் வண்டியின் தரையில் நீர் தேங்கக் கண்டவுடன், அந்த அறிவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்போல, ஈரம் கண்ட இடத்தில் பசையைப் பூசத் தொடங்கிவிடுகிறார். பழைய மோட்டார் வண்டிக்குள் நீர் புகும் வழியைத் தேடிக் காண்பது எங்ஙனம், கண்டபின் அதனை அடைப்பது எங்ஙனம் என்பன பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

உடப்புசல்லாவை மலைத்தொடர் நுவரெலியாவுக்குக் கிழக்கே கிடக்கின்றது. தென்மேல் பருவக்காற்றின் மழையை மேற்கிலுள்ள மலைகளே பெரிதும் வாங்கிக்கொள்வதால், ஆடி ஆவணி மாதங்களில் இங்கு உலர்ந்த காற்று வீசும்; நல்ல தேயிலை கிடைக்கும் காலமும் அதுவே. கார்த்திகை தொடங்கியதும் நிலைமை மாறுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை நாட்கணக்கில் விடாது பெய்யும். மழை ஓய்ந்த வேளையில் மூடுபனி இறங்கும். நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓடிய சிறு ரயில் 1940களில் மறைந்தபின், இப்பகுதி மக்களுக்குத் தெருவே கதியாயிற்று. அத்தெருக்களிலே பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன என்றால், அதற்குப் பழமைமீது கொண்ட பற்று மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின் தளர்ந்தது. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இத்தகைய நாட்டில் கையிலுள்ள வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதே விவேகம்.

எடுத்துக்காட்டுக்கு மொறிஸ் மைனர் வண்டியையே கொள்வோம். அலெக் இசிகொனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. பிரித்தானிய மோட்டார் வண்டிகளுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. இலங்கையில் ஆசிரியர், மருந்தாளர், எழுதுவினைஞர் ஆகியோரின் வண்டி என்றே இது பெயர்பெற்றது. இதன் அமைப்பில் ஒரு செய்தியை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். லொறிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தரைத்தகடும், கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமும் சேர்ந்தே வண்டியின் முதுகெலும்பாகின்றன. தகட்டின் தடிப்போ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் இரண்டும் பின்னோக்கி ஓடி, முன்னிருக்கைகளுக்கு அடியிலுள்ள அக்குறுக்குச் சட்டத்திலேயே பற்றிக்கொண்டிருக்கின்றன. பிறேக்கின் தலைமை உருளை, அதாவது கராஜில் மாஸ்டர் சிலிண்டர் என்று சொல்லப்படுவது, சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கின்றது. விரிப்பை விலக்கி ஒரு மூடியைக் கழற்றியே அதனை அணுகவேண்டும்.

இப்பொழுது ஈரமான தரைவிரிப்பை நினைத்துப் பாருங்கள். அதன் அடியிலுள்ள சணல் மெத்தை ஒருமுறை நனைந்தால், இம்மலையின் குளிரில் வாரக்கணக்கில் உலராது. இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்த இடத்தில் துரு பிறக்கும். துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் உண்டாதலின், இரு தகடுகள் சேரும் பொருத்துக்களில் அது வீங்கித் தகடுகளைப் பிளந்து, மேலும் நீருக்கு இடங்கொடுக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு எண்ணெய் விடத் திறக்கும் வேளையில், மூடியின்மேல் ஊறிக் கிடக்கும் சேறு உள்ளே விழுவதும் எளிது. பிறேக் எண்ணெய் தானாகவே ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதித்த கால் வெறுமையில் இறங்கும். ராகலையிலிருந்து வலப்பனைப் பக்கம் இறங்குகின்ற வளைவுகளை அறிந்தவர்கள் இதன் பொருளை உணர்வர். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்கு விரைவதும் பெரும்பாலும் இத்தகைய வண்டிதான். ஆதலின் விரிப்பின் நாற்றத்தைப் போக்குவதோடு இவ்வேலை முடிந்துவிடாது.

தேடலைத் தொடங்குமுன், உள்ளே காணப்படுவது மழைநீர்தானா என்று தெளிதல் வேண்டும். ஈரச் சட்டையோடு நால்வர் ஏறி இறங்கிய வண்டியில், இரவுக் குளிரால் கண்ணாடிகளின் உட்புறம் வியர்த்து வழியும். இது புகுந்த நீரன்று, மூச்சின் நீர். விரிப்பின் மேற்புறம் மட்டும் ஈரமாகி அடிப்புறம் உலர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே, அல்லது செருப்பில் வந்த நீர். வெப்பமூட்டி பொருத்திய வண்டியாயின், அதன் குழாய்களிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கசியக்கூடும். அதில் கலந்துள்ள மருந்தின் இனிப்பு வாடையும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசைபோன்ற படலமும் அதனைக் காட்டிக்கொடுக்கும். பிற்காலத்து ஜப்பானிய வண்டிகளில் குளிரூட்டியின் கழிவுக்குழாய் தூர்ந்துபோய், அந்நீர் முன்னிருக்கையின் காலடியில் இறங்குவதும் உண்டு. இவை எதுவும் இல்லையென்று கண்டபின்னரே மழையைக் குற்றஞ்சாட்டலாம்.

நீரின் இயல்பைப் பற்றி ஒரு சொல். நீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பது பாதி உண்மையே. நெருங்கிய இரு பரப்புகளுக்கிடையே அது மேல்நோக்கியும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இந்த நுண்துளைக் கவர்ச்சியாலேதான். கண்ணாடிக்கும் அதனைச் சுற்றிய இறப்பருக்கும் இடையே மயிரளவு சந்து போதும். உள்ளே வந்த துளி, பரப்பிழுவிசையினால் தகட்டின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே நெடுந்தூரம் சென்று, ஏதேனும் ஓர் ஆணியோ மடிப்போ தடுக்கும் இடத்திலேதான் சொட்டும். மின்கம்பிகளின் கட்டு அதற்கு ஓர் இராசபாட்டை.

மலைநாட்டிலே இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. எமது முற்றங்களில் சமதரை அரிது. வண்டியை மூக்கு மேட்டை நோக்கியிருக்க நிறுத்தினால், முன்கண்ணாடி வழியே புகுந்த நீர் விரிப்பின் அடியே ஊறிப் பின்னிருக்கையின் காலடிக்கு வந்துவிடும். உரிமையாளர் பின்கண்ணாடியைச் சந்தேகிப்பார். மூக்குப் பள்ளத்தை நோக்கியிருந்தாலோ எல்லா நீரும் சாரதியின் காலடியிலேயே தேங்கும். ஆகவே சோதனைக்குச் சமதரையான ஓர் இடம் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் முற்றமோ பாடசாலை மைதானமோ கிடைத்தால் நன்று.

அடுத்து, வண்டியைக் கேள்வி கேட்க வேண்டும். நின்றிருக்கும்போது பெய்த மழையில் நனைகிறதா, ஓடும்போது மட்டும் நனைகிறதா? நின்ற இடத்தில் நனைந்தால், நீர் மேலிருந்து வருகின்றது: கண்ணாடி இறப்பர், வைப்பர் தண்டின் அடி, கதவு ஆகியவற்றை நோக்கவேண்டும். மழை நின்றபின் ஈரத்தெருவில் ஓடும்போது மட்டும் நனைந்தால், சில்லுகள் வாரியடிக்கும் நீர் கீழிருந்து புகுகின்றது. வேகமாக ஓடும்போது மட்டும் மேலிருந்து ஒழுகுமாயின், வண்டிக்குள்ளே காற்றழுத்தம் குறைந்து வெளிநீரை உறிஞ்சுகின்றது எனக் கொள்ளலாம். அவ்வாறான ஒழுக்கு நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனையில் எளிதிற் சிக்காது. எமது பகுதியில் ஓர் ஆசிரியர் தமது மைனர் வண்டியின் முன்கண்ணாடியை மூன்று முறை கழற்றிப் பூட்டுவித்தார். ஒழுக்கு நிற்கவில்லை. மழையில்லாத நாளிலும், தெருவைக் குறுக்கிட்டு ஓடிய நீரைக் கடந்தவுடன் காலடி நனைவதை அவருடைய மகளே கவனித்துச் சொன்னாள். மட்கார்ட்டின் உள்ளே, கதவுக் கீல்களைத் தாங்கும் தூணின் அருகில், ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த சேற்றுக்கட்டி ஒன்று தகட்டை அரித்து இரு விரல் நுழையும் அளவு துளையாக்கியிருந்தது. முன்கண்ணாடிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

சோதனையின் முறை இதுதான். இருக்கைகளையும் விரிப்புகளையும் சணல் மெத்தையையும் முற்றாக வெளியே எடுங்கள். கதவுகளின் உட்பலகைகளையும் கழற்றுதல் நலம். தரையை நன்கு துடைத்து உலர்த்தி, பழைய செய்தித்தாள்களை விரியுங்கள்; நீர் விழுந்த இடம் கறுத்துத் தெரியும். ஒருவர் டோர்ச் விளக்கோடு உள்ளே அமர்ந்து கதவுகளை மூடிக்கொள்ளட்டும். மற்றொருவர் வெளியே இறப்பர்க் குழாயால், அது இல்லையேல் பூவாளியால், நீர் விடட்டும். நீர் மெல்ல வழியவேண்டும். பீறிட்டு அடித்தல் கூடாது. பீறிடும் நீர் நல்ல பொருத்தினுள்ளும் புகுந்து பொய்ச்சாட்சி சொல்லும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கீழிருந்து மேலே செல்லுதல். முதலில் மட்கார்ட்டின் உட்புறம், பின்னர் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவின் மேற்பகுதி, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பக்கங்கள், மேல்விளிம்பு என்று ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடமாவது பொறுமையாக நீர் விடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடங்களையும் ஒருங்கே நனைத்துவிடும். எது வழி என்று எவராலும் சொல்ல இயலாது. கராஜ்களில் பலரும் கூரையிலிருந்தே தொடங்குகிறார்கள். அவசரத்தைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை.

கதவுகளுக்கு வேறு இரு சோதனைகள் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவின் இறப்பர்மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுகி வந்தால் பொருத்தம் நன்று, வழுக்கி வந்தால் இடைவெளி உண்டு. மற்றொன்று, வெண்கட்டியை இறப்பரின் நெடுகத் தேய்த்து, கதவைச் சாத்தித் திறந்து பார்ப்பது. எதிர்த் தகட்டில் வெண்மை பதியாத இடமே நீரின் வாயில். பாடசாலையில் உள்ளோருக்கு இச்சோதனைப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடைவெளி கண்டவுடன் தடித்த இறப்பரைத் தேடி ஓடவேண்டாம். கீல் தேய்ந்து கதவு தொங்கியிருந்தால் எந்த இறப்பரும் அதனை ஈடுசெய்யாது. முதலில் கதவை உரிய இடத்துக்கு உயர்த்த வேண்டும்.

கதவைப் பற்றிப் பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. கதவுக்குள் மழைநீர் புகுவது குற்றமன்று. புகும் என்று எதிர்பார்த்தே அதனைச் செய்திருக்கிறார்கள். ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரமாக நீர் உள்ளே இறங்கி, கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் வழியே வெளியேற வேண்டும். அத்துவாரங்கள் சேற்றாலும் பூச்சாலும் அடைபட்டால் கதவே ஒரு தொட்டியாகிவிடும். வண்டி திரும்பும்போது உள்ளே நீர் அலம்பும் ஓசையைக் கேட்கலாம். உட்பலகைக்குப் பின்னே நீர் தடுக்கும் தாள் கிழிந்திருந்தால், அந்நீர் நேரே தரைக்கு வரும். ஒரு வளைந்த கம்பியும் ஒரு முழம் தடித்த பொலித்தீனும் கால்மணி நேரமும் இருந்தால் தீரக்கூடிய நோய் இது. கதவடிச் சட்டங்களின் துவாரங்களுக்கும் இதே வைத்தியந்தான். நீர் வரும் வழியென்று தவறாகக் கருதி இத்துவாரங்களைப் பசையிட்டு மூடுவோர் வண்டியைக் கொல்கிறார்கள் என்றே சொல்வேன்.

முன்கண்ணாடிக்கு வருவோம். 1956இல் வந்த மாற்றத்துக்கு முற்பட்ட மைனர் வண்டிகளில் இரு தட்டையான கண்ணாடிகளும் நடுவில் ஒரு பட்டையும் இருக்கும். பின்வந்தவற்றில் ஒரே வளைந்த கண்ணாடி. இரண்டிலும் இறப்பரே காவல். வெயிலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் இறப்பரை நாளடைவில் இறுகச்செய்து வெடிக்கச் செய்கின்றன. உயர்ந்த மலைகளில் வெயிலின் கடுமை குளிரால் மறைந்திருக்கிறதே தவிர இல்லாமற் போகவில்லை. இறப்பர் இன்னும் மென்மையாக இருப்பின், மரச்சீவலால் அதன் உதட்டை மெல்லத் தூக்கி, இறுகாத தன்மையுள்ள கண்ணாடிப் பசையைச் செலுத்தினாற் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசைகளுட் பல உலரும்போது வினாகிரி மணம் வீசும். அம்மணம் அசற்றிக் அமிலத்தினுடையது. வெறுந்தகட்டை அது துருப்பிடிக்கச் செய்யும். அதன்மேல் பின்னர் வர்ணமும் ஒட்டாது. மலசலகூடத்துக்கும் மீன்தொட்டிக்கும் உகந்தது மோட்டார் வண்டிக்கு உகந்ததென்று கொள்ளலாகாது.

இறப்பர் கல்லாகிவிட்டிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கண்ணாடியை இருவர் சேர்ந்து எடுத்தபின், அது அமர்ந்திருந்த தகட்டு விளிம்பைக் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கே துரு இருக்கும். அதனைச் சுரண்டி, துருமாற்றியும் அடிவர்ணமும் பூசி உலரவிடாமல் புது இறப்பர் போடுவது வீண். புது இறப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகட்டைப் பற்றும் பள்ளத்தினுள்ளே ஒரு வலுவான நூற்கயிற்றைச் சுற்றிவையுங்கள். சவர்க்கார நீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருப்பவர் கயிற்றை மெல்ல இழுத்துவந்தால், இறப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழுந்து அமர்ந்துகொள்ளும். பழைய வண்டிகள் பலவற்றின் முன்கண்ணாடி, விளிம்பில் அடிபட்டால் ஒரே கணத்தில் நொறுங்கித் துகளாகும் வகையினது. சுத்தியலைத் தூர வைத்துவிடுங்கள்.

வைப்பர் தண்டுகளின் அடியிலுள்ள இறப்பர் வளையங்களும், மிதிகள் தரையைத் துளைத்துச் செல்லும் இடத்து இறப்பர்களும், பின்விளக்குகளின் அடி இறப்பர்களும் அற்ப விலையின. அவற்றைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம். டிக்கியில் நீர் நிற்குமாயின் பெரும்பாலும் பின்விளக்குகளையே நோக்கவேண்டும்.

தகடு ஓட்டையாயிருந்தால், பசையும் புட்டியும் மருந்தல்ல. ஈரத் துருவின்மேல் தார் பூசி மறைக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகின்றது. தாருக்கு அடியில் துரு தன் வேலையை அமைதியாகத் தொடரும். மேலே பார்ப்பவருக்கு வண்டி திடமாகவே தோன்றும். இதைவிட வெளிப்படையான ஓட்டை நல்லது. தரையிலே நீர் போகட்டும் என்று ஆணியால் துளையிடுவதும் அத்தகையதே. தெருநீருக்கு அது புதுவாயில். அழுகிய தகட்டை நல்ல இரும்பு காணும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டவேண்டும். குறுக்குச் சட்டமோ கதவடிச் சட்டமோ கெட்டிருந்தால், அதனை வெட்டுமுன் வண்டியைச் சரியாக முட்டுக்கொடுத்து நிறுத்தத் தெரிந்த பாஸ் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். முட்டின்றி வெட்டினால் வண்டி வளைந்து, பின்னர் கதவுகள் மூடா. பற்றரியைக் கழற்றுவதும், விரிப்புகளை அகற்றுவதும், பெற்றோல் தாங்கியின் அருகில் நெருப்பு அணுகாமற் காப்பதும் சொல்லாமலே செய்யவேண்டியவை. மைனர் வண்டிக்குரிய தகடுகள் 1990களில் எமது தீவிலேயே செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. இவ்வேலைக்கு வேண்டிய கைத்திறன் எம்மிடம் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது.

உலர்த்துவதற்கு உடப்புசல்லாவையில் ஆடி ஆவணிக் காற்றைவிடச் சிறந்த கருவி இல்லை. இவ்வேலைகளை அக்காலத்தில் முடித்து, வடகீழ் மழைக்கு வண்டியை ஆயத்தமாக வைத்திருத்தல் நலம். மழைக்காலத்திலேயே செய்ய நேர்ந்தால், விரிப்புகளை அடுப்படியின் மேலே பரணில் இட்டு உலர்த்தலாம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் சூடு சிலருக்கு ஆசையூட்டும். ஆனால் தேயிலை அண்டிய வாடையையெல்லாம் கவர்ந்துகொள்ளும் பொருள். பூஞ்சணம் பிடித்த விரிப்பை அங்கே கொண்டுபோனவரைத் தொழிற்சாலை அதிகாரி மறக்கமாட்டார். சணல் மெத்தை ஒருமுறை அழுகிவிட்டால் உலர்த்திப் பயனில்லை, எறிந்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் உடனே விரிப்பை விரித்துவிடாதீர்கள். வெறுந்தரையில் புதிய செய்தித்தாளைப் பரப்பி, இரண்டு நல்ல மழை கடக்கும்வரை வண்டியை வழக்கம்போல் ஓட்டுங்கள். ஒரு மழைக்கு மேட்டை நோக்கியும் மறுமழைக்குப் பள்ளத்தை நோக்கியும் நிறுத்துங்கள். தாள் எங்கேனும் கறுத்திருந்தால், அந்த மூலையிலிருந்து மீண்டும் பூவாளியை எடுத்துக்கொண்டு, கீழிருந்தே தொடங்கவேண்டும். தாள் உலர்ந்திருந்தால் புதுச் சணலை இட்டு, அதன்மேல் விரிப்பை விரிக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் மூடியின் மேலுள்ள பகுதியை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். எண்ணெய் பார்க்கும்போதெல்லாம் அதனைத் தூக்கி, அடியைக் கையால் தடவிப் பார்க்க உதவும்.